குலுக்கலில் விழுந்த வீடு

ஜப்பானிய மொழியில் கொடொகுஷி என்று ஒரு சொல் இருக்கிறது. ‘கொடொகு’ என்றால் தனிமை, ‘ஷி’ என்றால் சாவு. பக்கத்தில் யாருமில்லாமல் செத்துப்போய், நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துக் கண்டெடுக்கப்படுவது. இன்றைக்கு இந்தச் சொல்லை டோக்கியோவின் ஒற்றை அறை அடுக்ககங்களைப் பற்றிப் பேசும் யூடியூப் வீடியோக்களில்தான் அதிகம் கேட்கிறோம். ஆனால் ஜப்பானிய நாளிதழ்களில் இது அன்றாடச் சொல்லாக ஆனது ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு. இன்னும் சரியாகச் சொன்னால், நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்குள்ளிருந்து. செத்தவர்கள் இடிபாடுகளிலிருந்து பிழைத்து வந்தவர்கள். வீடும் கிடைத்தவர்கள்.

1995 ஜனவரி 17, காலை 5:46. கோபே நகரமும் அதைச் சுற்றிய பகுதியும் குலுங்கின. 6,434 பேர் இறந்தார்கள். கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மர வீடுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. பெரும்பாலான சாவுகள் அந்த ஓட்டுக்குக் கீழேதான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களிலும் பூங்காக்களிலும் படுத்தார்கள். அரசு வேகமாகத்தான் வேலை செய்தது. சில மாதங்களுக்குள் 48,300 தற்காலிக வீடுகள் எழும்பிவிட்டன. நம்ம ஊரில் அந்த வேகத்தைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

வீடுகள் 48,300, கேட்பவர்கள் அதைவிட அதிகம். யாருக்கு முதலில் கொடுப்பது? முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்மார்கள் முதல் வரிசை. அந்த வரிசைக்குள் யார் முன்னே, யார் பின்னே என்பதற்குக் குலுக்கல். இதில் என்ன தப்பு? ஒன்றுமே இல்லை. கவுன்சிலர் சிபாரிசு கிடையாது, கைக்குள் திணிக்கும் கவர் கிடையாது. என் தொழிலில் இதை மூன்று வரியில் எழுதிவிடலாம்: விண்ணப்பங்களை முன்னுரிமைப்படி அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் கலைத்துப் போடு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் காலி வீட்டோடு இணை. எத்தனை முறை ஓட்டினாலும் யாருக்கும் பாரபட்சம் காட்டாது. ஒரு நேர்மையான அதிகாரி இதைவிடச் சிறப்பாக என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் எனக்கும் சட்டென்று பதில் வராது.

சிக்கல் அந்த ப்ரோகிராமுக்குத் தெரியாத விஷயத்தில் இருந்தது. விண்ணப்பத்தில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஊனம் உண்டா என்று இருக்கிறது. ‘பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்’ என்ற கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தின் விலை என்ன என்பதை அதே நிலநடுக்கம் காட்டியிருந்தது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகில், அவாஜி தீவில் ஹொகுடான் என்றொரு சிற்றூர். அங்கேயும் வீடுகள் இடிந்தன, சுமார் முந்நூறு பேர் அடியில் சிக்கினார்கள். அன்றைய பகலுக்குள்ளாகவே ஊர்க்காரர்களும் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். காரணம் ரொம்ப எளிது. எந்தப் பாட்டி எந்த அறையில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தோண்ட வேண்டிய இடத்தில் தோண்டினார்கள். அன்று காலை ஆட்களை உயிரோடு எடுத்துக்கொடுத்த அந்த அறிவைத்தான் சில வாரம் கழித்துக் குலுக்கல் கலைத்துப் போட்டது.

நகாட்டா என்ற வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கோபேயின் உழைப்பாளர் பகுதி. செயற்கைத் தோலில் காலணி தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள், அவற்றிலிருந்து கூலிக்கு வாங்கி வீட்டிலேயே ஒட்டியும் தைத்தும் கொடுக்கும் குடும்பங்கள், பல தலைமுறையாக அங்கே வாழும் கொரிய வம்சாவளியினர், பின்னால் வந்துசேர்ந்த வியட்நாமியர்கள். குறுகிய சந்துகள், ஒட்டிய சுவர்கள், பொதுக் குளியல் கூடம். நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் நகாட்டாவின் பெரும் பகுதி எரிந்தது. நகருக்குள் காலி நிலம் போதவில்லை. ஆகவே தற்காலிக வீடுகளில் பெரும்பகுதியைக் கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் ஐலண்டிலும் ரொக்கோ ஐலண்டிலும், மலைக்கு அந்தப்புறம் நிஷி வட்டாரத்தின் புறநகர்களிலும் கட்டினார்கள். ஒரு வீடு சுமார் 26 சதுர மீட்டர். இரும்புச் சட்டம், மெல்லிய சுவர், கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும்.

காலணி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே போய் என்ன செய்வார்? பட்டறை எரிந்துவிட்டது. வேறு பட்டறை திறந்தாலும் போய்வரும் செலவு கூலியைத் தின்றுவிடும். வழக்கமான மருத்துவர் இல்லை, கடன் சொல்லிக் குடிக்கும் கடை இல்லை, ‘என்னய்யா ரெண்டு நாளா ஆளக் காணோம்’ என்று கேட்கும் குளியல் கூடக்காரர் இல்லை. முதலில் கட்டி முடித்த குடியிருப்புகளில் முன்னுரிமை காரணமாக முதியவர்களும் நோயாளிகளும் மட்டுமே நிறைந்தார்கள். ஒருவரை ஒருவர் தூக்கிவிட வேண்டிய இடத்தில் தூக்கிவிடத் தெம்புள்ளவர்கள் குறைவு. இரக்கத்தால் செய்த ஒரு ஏற்பாடு இப்படியும் ஆகும்.

தற்காலிக வீடுகள் இருந்த ஐந்து ஆண்டுகளில் 233 பேர் அவற்றுக்குள் தனியாக இறந்து கிடந்தார்கள். இறந்தவர்கள் எல்லாம் தள்ளாத முதியவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்த ஆண்கள் கணிசமானவர்கள். வேலை போனவர்கள். குடியும், கல்லீரல் நோயும். மனைவியை இழந்தவரோ, முன்பே பிரிந்தவரோ, கல்யாணமே ஆகாதவரோ. சாவுச் சான்றிதழில் கல்லீரல் என்றோ இதயம் என்றோ எழுதியிருக்கும். குலுக்கல் என்று எழுத அதில் இடம் கிடையாது.

நுகாடா இசாவோ என்ற மருத்துவர் தற்காலிகக் குடியிருப்புக்குள்ளேயே ஒரு சிறு மருத்துவமனை திறந்து உட்கார்ந்தார். 1999ல் ‘கொடொகுஷி’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். இதைத் தனிமையின் சோகம் என்று உருகுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குறைந்த வருமானம், நாள்பட்ட நோய், ஆள் தொடர்பு அற்றுப்போதல், மோசமான வீடு ஆகிய நான்கும் ஒரே ஆளின் மேல் விழும்போது நடப்பதுதான் இது என்றார். தனியாகச் சாவது குற்றமில்லை, தனியாக வாழ விடப்பட்டதுதான் விஷயம். அவருடைய இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனநலம் என்றதும் நாம் ஆலோசகர், மாத்திரை, மூச்சுப்பயிற்சி என்று போய்விடுகிறோம். இவர் பஸ் டிக்கெட் விலையையும் சுவரின் தடிமனையும் பேசுகிறார்.

கோபேவுக்குப் பிறகுதான் ‘கொகொரோ நோ கேஆ’, அதாவது மனதுக்கான பராமரிப்பு, ஜப்பானில் எல்லோர் வாயிலும் வந்தது. அதற்கு முக்கியமான காரணம் கோபே பல்கலைக்கழக மனநல மருத்துவர்கள்: நகாய் ஹிசாவோவும் அவருடைய இளைய சகா ஆன் கட்சுமஸாவும். ஆன் கட்சுமஸா தானே நிலநடுக்கத்தில் அடிபட்ட ஊர்க்காரர். முகாம்களுக்குப் போய்க்கொண்டே நாளிதழில் தொடர் எழுதினார், அது 1996ல் புத்தகமாக வந்தது. 2000 டிசம்பரில், 39 வயதில், புற்றுநோயில் இறந்துபோனார். மனநல மருத்துவர் என்று பலகை வைத்து உட்கார்ந்தால் முகாமில் யாரும் வரமாட்டார்கள் என்பது அந்த மருத்துவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தேடிப் போகவேண்டும், வேறு ஏதாவது பேசவேண்டும். ‘பைத்தியக்கார டாக்டர்’ பயம் எல்லா ஊருக்கும் பொது.

தேடிப் போவதை அதன் எல்லைவரைக்கும் கொண்டுபோனவர் குரோடா ஹிரோகோ. தகராசுகா நகராட்சி மருத்துவமனையில் துணைத் தலைமைச் செவிலியராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு, செய்ஷின் 7 என்ற தற்காலிகக் குடியிருப்பில் வந்து தங்கிவிட்டார். 1,060 வீடுகள். இரவும் பகலும் சுற்றிவந்தார். விளக்கு எரிகிறதா, தபால் எடுக்கப்பட்டிருக்கிறதா, நேற்றுப் போட்ட துணி இன்னும் கொடியிலேயே கிடக்கிறதா. பார்த்தால் ஒரு சாதாரண பக்கத்து வீட்டுக்காரி கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் விஷயங்கள். கலைத்துப் போடப்பட்ட ஆயிரம் அண்டை வீடுகளின் வேலையை ஒரு மனுஷியும் சில தொண்டர்களும் தூக்கிச் சுமந்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகும் வடகிழக்குக்குப் போய் அதே வேலையைச் செய்தார். 2014ல் இறந்தார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் இதே கதைதான். தற்காலிக வீடு கொடுப்போம், ஆனால் உங்கள் சொந்த வீட்டைக் கட்டப் பணம் தரமாட்டோம், அது தனியார் சொத்து என்றது ஜப்பான் அரசு. அப்படியென்றால் எரிந்துபோன சந்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. இதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர் நாவலாசிரியர் ஓடா மகோட்டோ. அறுபதுகளில் வியட்நாம் போர் எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியவர், நிஷினோமியாவில் தன் வீட்டில் நிலநடுக்கத்தை அனுபவித்தவர். மற்றவர்களோடு சேர்ந்து மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் 1998ல் பாதிக்கப்பட்டோர் வாழ்க்கை மீட்புக்கான சட்டம் வந்தது. உச்சவரம்பு பத்து லட்சம் யென். 2004ல் அது முப்பது லட்சமானது. வீடு கட்டவே அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம் என்பது 2007 திருத்தத்தில்தான் தெளிவானது. ஒரு எழுத்தாளர் சட்டம் வாங்கிக்கொடுத்த கதை என்று இலக்கியக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. சட்டம் கோபேக்காரர்களுக்குப் பின்தேதியிட்டுப் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்களுக்கு வேறொரு நிதியிலிருந்து ஏதோ கிடைத்தது.

தற்காலிக வீட்டில் ஐந்து வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை. மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் இருமுபவர் யார் என்று பழகிவிடும். சந்துக்கு நடுவே பூந்தொட்டி வைப்பார்கள், தேநீர் கூடும் அறை ஒன்று வந்துவிடும். அந்த நேரத்தில் நிரந்தர வீடு தயார். உயரமான அடுக்குமாடிகள், நல்ல குளியலறை, கனமான இரும்புக் கதவு. ஒதுக்கீடு? மறுபடியும் பெரும்பாலும் குலுக்கல். குழுவாக விண்ணப்பிக்கச் சில இடங்களில் வழி இருந்தது, ஆனால் அது விதிவிலக்கு. 2000 ஜனவரியில் கடைசிக் குடும்பமும் தற்காலிக வீட்டைக் காலிசெய்தது. திட்டம் நிறைவேறியது. அதன் பிறகு அந்த நிரந்தர அடுக்ககங்களுக்குள் நடந்த தனிச்சாவுகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இரும்புக் கதவு சாத்தினால் இருமல் கேட்காது.

மூன்றாவது முறையும் கலைத்தார்கள் என்பதைப் படித்தபோது நம்பமுடியாமல் திரும்பப் படித்தேன். வீடு போதாமல் தனியாரிடமிருந்து நகராட்சிகள் இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொடுத்த அடுக்ககங்கள் சில இருந்தன. 2015 வாக்கில் குத்தகை முடிந்தது. எண்பது வயதைத் தொட்டவர்களிடம், நோயாளிகளிடம், காலிசெய்து வேறு இடம் போங்கள் என்று நோட்டீஸ். போகாதவர்கள் மேல் கோபே நகராட்சி வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தைப் படித்தால் நகராட்சி பக்கம் நியாயம் இருக்கும். விதிப்படிதான் எல்லாமே நடந்தது. முதல் குலுக்கலும் விதிப்படி நடந்ததுதான்.

கோபேயிலிருந்து யாரும் எதுவும் கற்கவில்லை என்று முடித்துவிட முடியாது. 2004 அக்டோபரில் நிகாட்டா மாகாணத்தில் நிலநடுக்கம். மலைமேல் யமகோஷி என்ற கிராமம், சுமார் 2,200 பேர், சாலைகள் எல்லாம் அறுந்துவிட்டன. வண்ண மீன் வளர்ப்புக்கும் மாட்டுச் சண்டைக்கும் பேர்போன ஊர். மனிதர்களை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள், பிறகு மாடுகளையும் மீன்களையும்கூட ஏற்றினார்கள். ஏறிய வரிசையில் நகாவோகா நகரத்து முகாம்களில் இறக்கிவிட்டதால் குக்கிராமங்கள் கலந்துபோயின. கிராமத் தலைவர் நகாஷிமா தடயோஷியின் நிர்வாகம் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஏற்கெனவே முகாமில் படுத்திருந்தவர்களைப் பாயோடு எழுப்பி, குக்கிராம வாரியாகத் திரும்ப அடுக்கியது! வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தற்காலிக வீடுகளும் அதே அடுக்கில். ‘யமகோஷிக்குத் திரும்புவோம்’ என்ற கோஷத்தோடு மூன்று ஆண்டு காத்திருந்து, கூடுமானவர்கள் திரும்பினார்கள்.

2011 மார்ச் 11 சுனாமியில் மியாகி மாகாணத்து இவானுமா நகரமும் இதைச் செய்தது. கடலோரக் குக்கிராமங்கள் ஆறு. முகாமிலும் தற்காலிக வீட்டிலும் ஊர் ஊராகச் சேர்த்து வைத்து, பிறகு உள்நாட்டில் தமாவுரா-நிஷி என்ற புதுக் குடியிருப்புக்கு ஆறு ஊர்களையும் கூட்டாக நகர்த்தினார்கள். ஆனால் வீடிழந்த எல்லோரும் அப்படிப் போகவில்லை. சிலர் குலுக்கலிலும், சிலர் தாங்களே வாடகை வீடு பார்த்துக்கொண்டும் தனித்தனியாகப் போனார்கள். இந்த இரண்டு விதத்தையும் ஒப்பிட ஓர் எதிர்பாராத வாய்ப்பு இருந்தது. சுனாமிக்கு ஏழு மாதம் முன்னால், முதுமை பற்றிய வேறொரு ஆய்வுக்காக, இவானுமாவின் முதியவர்களிடம் உடல்நிலை, மனநிலை, யாரோடு பேசுவீர்கள், எந்தக் கூட்டத்துக்குப் போவீர்கள் என்றெல்லாம் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். சிஸ்டம் விழுந்த பிறகு பழைய லாக் முழுசாகக் கையில் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு வரும் சந்தோஷம் தனி. பேரிடர் ஆய்வில் அது கிட்டத்தட்டக் கிடைக்கவே கிடைக்காத ஒன்று.

ஹிகிச்சி, கவாச்சி முதலியவர்கள் அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊராகச் சேர்ந்து போனவர்களிடம் நண்பர்களைச் சந்திப்பதும் கூட்டங்களில் கலந்துகொள்வதும் கூடியிருந்தது. தனித்தனியாகப் போனவர்களிடம் அப்படி இல்லை. 2016ல் வெளிவந்த இன்னொரு முடிவு என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது. வீடு அழிந்ததற்கும் முதியவர்களின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் சரிந்ததற்கும் தொடர்பு தெரிந்தது. உறவினரையோ நண்பரையோ இழந்ததற்கும் அந்தச் சரிவுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. உறவைப் பறிகொடுத்தது சின்ன விஷயம் என்று இதற்கு அர்த்தமில்லை. இழவு வீட்டுக்கு அக்கம்பக்கம் வரும், உட்காரும், அழும். அக்கம்பக்கமே போய்விட்டால் யார் வருவது? ஆய்வாளர்களும் இடைக்காரணமாகச் சுட்டிக்காட்டியது மனச்சோர்வையும் அண்டை வீட்டாரோடு பேச்சு குறைந்ததையும்தான்.

ஆக, ஊரைக் கலைக்காதே, ஊரோடு நகர்த்து. இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க அறிஞரின் ஆய்வு விடவில்லை. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் தன் வீட்டைப் பறிகொடுத்தவர் அவர். நகாட்டாவுக்குள்ளேயே மனோ என்ற பகுதியையும் மிகுரா என்ற பகுதியையும் ஒப்பிட்டார். அறுபதுகளிலிருந்து தொழிற்சாலைப் புகையை எதிர்த்துச் சங்கம் வைத்துப் போராடிப் பழகிய மனோக்காரர்கள் வாளி வரிசை போட்டுத் தீயை மட்டுப்படுத்தினார்கள், பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் கைகொடுத்தது. மிகுராவில் அந்தப் பழக்கம் இல்லை, பெரும்பகுதி எரிந்தது. பிறகு மனோவில் 29 வீடுகள் கொண்ட ஒரு கூட்டுக் குடியிருப்பு வந்தது, எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட ஒரு பொது அறையோடு. இதுவரை நல்ல கதை. அதே ஆய்வில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு இடம் 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழ்நாட்டுக் கரை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தார் அட்டையில் எழுப்பிய தற்காலிகக் கொட்டகைகள் வெயிலில் அடுப்பாகின. அடுத்து நடந்த பேரத்தில் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து அபாரமாக வேலை செய்தது. யார் இறந்தார், யாருக்கு எத்தனை வலை, எத்தனை படகு என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. தொண்டு நிறுவனங்களும் அவர்களிடமே வந்தன. பஞ்சாயத்து வலுவாக இருந்த குப்பங்கள் சீக்கிரம் எழுந்தன. பல குப்பங்கள் கலையாமல், குப்பமாகவே புது இடத்துக்குப் போயின. புது இடத்துக்காக மரங்களை வெட்டி, நிலத்தை மட்டமாக்கி, வரிசை வரிசையாக ஒரே மாதிரி கான்கிரீட் பெட்டிகள். திண்ணை போய்விட்டது. அது வேறு கதை. ஊர் கலையவில்லை என்பது நிஜம்.

ஆனால் ‘ஊர்’ என்றால் யார்? பஞ்சாயத்தின் பட்டியலில் இல்லாதவர்கள்: மீன் பிடிக்காத ஆனால் அதே கரையை நம்பிக் கூலிவேலை செய்த தலித்துகள், இருளர்கள், ஆண் துணை இல்லாத வீட்டின் பெண்கள். நிவாரணம் ஊர் வழியாக வந்தபோது இவர்களுக்கு வராமலே போனதைக் களத்தில் இருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆல்ட்ரிச் கண்டதும் அதுதான். உள்ளே இருப்பவரைத் தாங்கும் அதே கயிறுதான் வெளியே இருப்பவரைக் கட்டி நிறுத்துகிறது. மனோவின் வாளி வரிசையைப் படித்துக் கண்கலங்கிய நான், நம்ம ஊர் வாளியை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நிவாரணப் பட்டியலில் பெயரில்லாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு, முகம் தெரியாத இடத்தில் குலுக்கலில் விழும் ஒரு வீடு தண்டனையாக இருக்குமா? சிலருக்கு விடுதலையாகக்கூட இருக்கலாம். ஆளைப் பார்க்காத அந்த மூன்று வரி ப்ரோகிராமின் குருட்டு நியாயத்துக்கு இந்தக் கரையில் ஒரு மதிப்பு இருக்கிறது, கோபேயில் அது 233 பேரைத் தனியே விட்டிருந்தாலும்.

இதற்கு ஒரு பொறியாளர்த்தனமான தீர்வு எனக்கும் தோன்றத்தான் செய்தது. விண்ணப்பத்தில் விடுபட்ட அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிடலாம்: ‘யார் பக்கத்தில் இருக்க விரும்புகிறீர்கள்?’ பிறகு கேட்டவர்களை முடிந்தவரை சேர்த்து வைக்கும்படி கணக்குப் போடலாம், அது கடினமான கணக்குகூட இல்லை. உடனே இரண்டாவது கட்டமும் தேவை என்று தெரிந்தது: ‘யார் பக்கத்தில் இருக்க விரும்பவில்லை?’ குடித்துவிட்டு அடிக்கும் மைத்துனனின் பெயரை ஒருத்தி அதில் எழுதலாம், அவளுக்கு அந்தக் கட்டம் வேண்டும். அதே கட்டத்தில் ஒரு ஊர் முழுக்க ஒரே தெருவின் பெயரை எழுதிக் கொடுக்கும். இரண்டு விண்ணப்பங்களும் டேபிளில் ஒரே மாதிரிதான் உட்காரும்.